ஏரிக்கரை இத்தாலிய உணவகத்தில் டேஸ்டிங் மெனு: அவ்வளவு காசுக்குத் தகுமா?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து மனைவியோடு ஜூன் மாதம் வட இத்தாலி போகிறார். கார்டா ஏரிக் கரையில் நல்ல உணவகம் ஒன்றில் ஒரு வேளை டேஸ்டிங் மெனு, அதாவது சமையல்காரரே வரிசை வகுத்துத் தரும் பல சின்னத் தட்டுகள், சாப்பிட்டுப் பார்க்க ஆசை. அவர் மாடு, பன்றி தொடமாட்டார்; மனைவிக்கு மீனும் முட்டையும் மட்டும் சரி. இவ்வளவு பணம் தகுமா, போனால் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறார்.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தகும். ஏரிக்கரை உணவகங்களில் ஒரு சிக்கல் உண்டு. சன்னலுக்கு வெளியே அப்படியொரு தண்ணீரும் மலையும் இருக்கும்போது, தட்டில் எதை வைத்தாலும் கூட்டம் குறையாது. கார்டாவிலும் கோமோ ஏரியிலும் காட்சியை விற்றே பிழைக்கிற கடைகள் ஏராளம். நார்வே சால்மன், எங்கிருந்தோ வந்த ட்யூனா, மேலே ட்ரஃபிள் என்கிற வாசனைக் காளான் எண்ணெய் நான்கு சொட்டு, விலை மட்டும் ஏரிக்கரை விலை. அதனால் இணையத்தில் படங்களைப் பார்த்து மயங்கிவிடாமல் மெனுவை வாசியுங்கள். அந்த ஏரி மெனுவில் எங்கேயாவது இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

ஏரி என்றால் முதலில் மீன். கார்டாவில் கிடைக்கும் முக்கியமான மீன்கள் லவரெல்லோ, பெர்ச், பைக், ட்ரௌட், பிறகு உள்ளூரில் 'சார்தே' என்கிற சின்ன மீன். லவரெல்லோ அங்கே பிறந்த மீன்கூட இல்லை, ஆல்ப்ஸுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து விட்டது. ஆனால் இன்று வட இத்தாலி ஏரிக்கரைச் சமையலே அதை நம்பித்தான் இருக்கிறது. வெள்ளைச் சதை, மென்மையான ருசி, கடல் மீனின் உப்பு வாசம் கிடையாது. நம் நாக்குக்கு முதலில் 'சப்' என்று தோன்றலாம். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் கூடவே புளிப்பும் உப்பும் சேர்ப்பார்கள். பைக் மீனை வேகவைத்து, உதிர்த்து, நெத்திலி, கேப்பர் என்கிற உப்பிட்ட பூமொட்டு, ஆலிவ் எண்ணெய் கலந்த சாற்றில் ஊறப்போட்டு, சுட்ட பொலெந்தாவோடு, அதாவது மக்காச்சோளக் களியோடு, தருவது கார்டாவின் பழைய வீட்டுச் சமையல். மெனுவில் 'இன் கார்ப்பியோனே' என்று எழுதியிருந்தால், மீனைப் பொரித்து வினிகர் வெங்காயத்தில் ஊறவைத்தது என்று அர்த்தம். கார்ப்பியோனே என்ற பெயரில் கார்டாவில் மட்டுமே வாழும் ட்ரௌட் இன மீன் ஒன்றும் உண்டு. அது அழிவின் விளிம்பில் இருக்கிறது, உங்கள் தட்டுக்கு வராது, வரவும் கூடாது.

விலாங்கு மீன் மெனுவில் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தயங்காமல் கேளுங்கள். கார்டா விலாங்கில் பிசிபி, டயாக்சின் வகை நச்சு அதிகம் இருந்ததால் 2011 முதல் அதைப் பிடித்து விற்க அரசு தடை போட்டது. 'நம்ம ஏரி விலாங்கு' என்று சர்வர் பெருமையடித்தால் உஷாராகிவிடுங்கள். பச்சை மீன் வந்தாலும் பயம் வேண்டாம். வட இத்தாலியின் சில ஏரி மீன்களில் நாடாப்புழு தொற்று அறியப்பட்ட ஒன்றுதான். ஆனால் பச்சையாகப் பரிமாறும் மீனை முன்கூட்டியே மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஒழுங்கான உணவகம் அதை மீறாது.

கோமோ பக்கம் போனால் மிஸ்ஸோல்தீனி கிடைக்கும். அகோனே என்ற ஏரி மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையின் உறவான லாரல் இலையோடு தகர டப்பாவில் அடுக்கி அழுத்தி வைப்பார்கள். கருவாடேதான். சுட்டு, வினிகர் தெளித்துப் பொலெந்தாவோடு தருவார்கள். பெரிய செஃப்கள் இதைச் சீவித் தூளாக்கி, வெண்ணெய் போட்ட பாஸ்தாவின் மேல் தூவுகிறார்கள். இசேயோ ஏரி நடுவே இருக்கும் மோன்தே இஸோலா தீவில் அதே மீனைக் காயவைத்து எண்ணெயில் போட்டு வைப்பார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல் மேசையில் கருவாட்டு வாசம் வரும்போது நம் ஆட்கள் முகத்தில் வரும் புன்னகையைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

மீனுக்கு அடுத்தது எலுமிச்சையும் ஆலிவும். கார்டா இருப்பது வட அட்சரேகை 45, 46 டிகிரி வாக்கில். அந்த அளவு வடக்கே சாதாரணமாக எலுமிச்சை விளையாது. ஏரி குளிர்காலத்தில் வெப்பத்தை மெல்ல விடுவதாலும், வடக்கே மலை சுவராக நிற்பதாலும்தான் அது நடக்கிறது. அதுவும் போதாமல், கார்ஞ்ஞானோ, லிமோனே ஊர்களில் மலைச்சரிவில் உயரமான கல்தூண்கள் நட்டு, குளிர் வந்ததும் மரப்பலகையும் கண்ணாடியும் வைத்து மூடி மரங்களைக் காப்பாற்றினார்கள். அந்தத் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. தோட்டங்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் நோயாலும், தெற்கிலிருந்து வந்த மலிவான எலுமிச்சையாலும் அழிந்துவிட்டன. மிச்சமிருக்கும் சில தோட்டங்களின் எலுமிச்சை நல்ல உணவகங்களுக்குப் போகிறது. ஆலிவில் கசாலீவா என்பது உள்ளூர் ரகம். அதன் எண்ணெய் மென்மையானது, தெற்கத்திய எண்ணெய் போலத் தொண்டையைப் பிடிக்காது. ரொட்டியோடு வரும் எண்ணெயை அலட்சியப்படுத்தாதீர்கள். அங்கே தெரிந்துவிடும் அந்தச் சமையலறைக்கு அக்கறை உண்டா இல்லையா என்று.

இடமாக ஒன்றைச் சொல்லச் சொன்னால், கார்டாவின் மேற்குக் கரையில் கார்தோனே ரிவியெராவில் இருக்கும் லீடோ 84-ஐச் சொல்வேன். காமனீனி சகோதரர்கள் 2014-ல் திறந்தார்கள். ரிக்கார்தோ சமையலறையில், ஜான்கார்லோ பரிமாறும் கூடத்தில். அந்த ஆண்டு முடிவதற்குள், நல்ல உணவகங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டியின் நட்சத்திரம் ஒன்று வந்தது. 2022-ல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 8-ஆம் இடம், 2023-ல் 7-ஆம் இடம். அந்த இரண்டு ஆண்டும் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தை எண்ணி இடம் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ரிக்கார்தோ, குவால்தியெரோ மார்கேசியின் சமையலறையில் பழகியவர். மார்கேசிதான் இத்தாலியில் முதன்முதலில் மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கியவர், 1985-ல், மிலானில். ரிசோத்தோ என்கிற குழைவான சோற்றை குங்குமப்பூ போட்டுச் செய்து, அதன் மேல் மெல்லிய தங்கத் தகடு வைத்தவர். 1990-களில் மிலானை விட்டு, இசேயோ ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எர்பூஸ்கோவுக்கு வந்துவிட்டார். பாட்டி சமையலே உச்சம் என்று நம்பிய நாட்டில், தட்டை ஒரு சிந்தனையாக்கலாம் என்று காட்டியது அவர்தான். இத்தாலியர்களின் வழக்கமான சாப்பாடு முன்னுணவு, பாஸ்தா அல்லது ரிசோத்தோ, பிறகு மீனோ கறியோ, கடைசியில் இனிப்பு என்று போகும். அதை உடைத்து ஏழெட்டு சின்னத் தட்டுகளாக்கி, எதற்குப் பின் எது என்பதைச் சமையல்காரரே முடிவு செய்வதுதான் டேஸ்டிங் மெனு.

லீடோ 84-ன் பேர்போன தட்டு, பன்றியின் சிறுநீர்ப்பைக்குள் வேகவைத்த காச்சோ ஏ பேப்பே. பெக்கோரீனோ என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் போட்ட ரோமாபுரி பாஸ்தாதான். ஆனால் ரிகத்தோனி என்கிற காய்ந்த குழாய்ப் பாஸ்தாவை எண்ணெய், சீஸ், மிளகோடு பைக்குள் போட்டு ஊதிக் கட்டி, கொதிநீரில் அரை மணி நேரத்துக்குக் கிட்ட உருட்டி உருட்டி வேகவிடுகிறார்கள். பலூன் போல மேசைக்கு வரும், உங்கள் முன் கிழிப்பார்கள், மிளகு வாசம் முகத்தில் அடிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் கோழியை இப்படிப் பைக்குள் வேகவைப்பது பழைய வழக்கம். அதைப் பாஸ்தாவுக்குத் திருப்பியதுதான் ரிக்கார்தோ செய்த வேலை. மிளகு ரோமுக்குப் போன கதை நமக்குத் தெரியும். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு போனதை, முசிறியைப் பாடிய அகநானூற்றுப் புலவர் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டவருக்கோ இந்தத் தட்டு ஆகாது. பாஸ்தாவில் கறி இல்லை என்றாலும் வெந்தது பன்றியின் பைக்குள். மெனுவில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு 'சைவப் பாஸ்தா' என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. அங்கேயே வெண்ணெயும் ஈஸ்டும் மட்டும் போட்ட ஸ்பகெத்தோனி என்கிற தடித்த நூல் பாஸ்தா ஒன்றும் பேர்போனது. என்னைக் கேட்டால் பலூனைவிட அதுதான் பெரிய சமையல். இரண்டு சாதாரணப் பொருளில் கறிச்சாறு போன்ற ஆழத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஏரி தட்டில் இருக்க வேண்டும் என்றேன். அதற்கு விலக்கும் உண்டு. ஓர்தா ஏரிக்கரையில் வில்லா கிரெஸ்பி இருக்கிறது. பருத்தி வியாபாரி ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய, மூரிஷ் (வட ஆப்பிரிக்க அரபு) பாணிக் கோபுரம் வைத்த மாளிகை. அதன் செஃப் அந்தோனீனோ கன்னவாச்சுவோலோவுக்கு 2022 நவம்பரில் மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. அவர் நேப்பிள்ஸ் கடற்கரைக்காரர், அதனால் மலையடிவார ஏரியில் உட்கார்ந்து கடல் மீனும் இறாலும் சாப்பிடுவீர்கள். அது ஏமாற்று இல்லை. பிறந்த ஊரையும் வந்து குடியேறிய ஊரையும் ஒரே மெனுவில் வைக்கிறார், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான் திட்டுவது காரணமே இல்லாமல் வந்து சேர்ந்த சால்மனை.

இனி சாப்பாட்டுக் கட்டுப்பாடு. இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'அசைவம் சாப்பிடுவேன், ஆனால் பீஃப், போர்க் வேண்டாம்' என்று மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் சமையலறைக்கு மாற்று யோசிக்க நேரமே இருக்காது, ஏதோ ஒரு சாலட் வரும். முன்பதிவு செய்யும்போதே எழுதுங்கள், இரண்டு மூன்று நாள் முன்பு மறுபடி ஒருமுறை நினைவூட்டுங்கள். எழுதும்போது இறைச்சி என்று பொதுவாகச் சொல்லாமல் மறைந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாஸ்களில் கன்றின் எலும்புச்சாறு இருக்கும். மிலான் ரிசோத்தோவில் மாட்டு எலும்பு மஜ்ஜை போடுவது மரபு. ரொட்டியிலும் பேஸ்ட்ரியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கார்டாவுக்குத் தெற்கே வலேஜ்ஜோ ஊரின் பேர்போன தொர்தெல்லீனிக்குள் மாடும் பன்றியும்தான். இனிப்புகளில் போடும் ஜெலட்டின் இத்தாலியில் 'மீன் பசை' என்ற பெயரில் விற்றாலும் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைச் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மீன், பால், முட்டை உண்டு, மாடும் பன்றியும் இல்லை. எனவே மெனுவில் இருக்கும் ஒவ்வாமைக் குறியீட்டை நம்பிப் பயனில்லை.

சீஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்கள் மனசாட்சி. பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா பதானோவும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலை உறையவைக்கும் ரென்னெட் போட்டுத்தான் செய்யப்படுகின்றன, விதியே அப்படி. பெக்கோரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரென்னெட். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சிலருக்கு இது பெரிய விஷயம். உங்களுக்கு எப்படியோ, அங்கே போய்த் தெரிந்துகொண்டு வருத்தப்படாதீர்கள். சீஸ் தள்ளுவண்டி வந்தால், சங்கடம் இல்லாதவர் பகோஸ் கேட்டுப் பாருங்கள். கார்டாவுக்கு மேற்கே மலைக்கிராமமான பகோலீனோவில் குங்குமப்பூ சேர்த்துச் செய்வது.

மெனு பெரும்பாலும் இரண்டு அளவில் இருக்கும். சின்னது ஐந்து தட்டு, பெரியது ஏழு முதல் ஒன்பது. சின்னதை எடுங்கள். பெரியதில் ஆறாவது தட்டுக்கு மேல் நாக்கு களைத்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் மரியாதைக்காகச் சாப்பிடுவதுதான். கணக்கில் வராத சின்னக் கடிகள் தொடக்கத்திலும் முடிவிலும் வேறு வரும். ஒரே மேசையில் ஒருவருக்கு டேஸ்டிங் மெனு, இன்னொருவருக்குத் தனித் தட்டு என்பதை நிறைய இடங்களில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இரண்டு தட்டும் ஒரே நொடியில் மேசைக்கு வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ரொட்டி நன்றாக இருக்கும், ஒரு துண்டோடு நிறுத்துங்கள். ரிசோத்தோ அரிசி நடுவில் கடிபட்டால் வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள், அதுதான் பதம். காரம் எங்கேயும் இருக்காது. மிளகாய் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள், ஆனால் கேட்காதீர்கள். அங்கே காரத்தின் வேலையைக் கசப்பும் புளிப்பும் செய்கின்றன. அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

வைன் குடிப்பவர் என்றால், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிளாஸ் என்கிற பேரிங் எனக்கு உவப்பில்லை. பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஐந்தாவது கிளாஸுக்குப் பிறகு மீனா காளானா என்றே தெரியாது. இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் லுகானா போதும். கார்டாவின் தென்கரையில் துர்பியானா திராட்சையில் செய்யும் வெள்ளை வைன், ஏரி மீனுக்கென்றே பிறந்தது போல இருக்கும். நுரைப்பது வேண்டும் என்றால் இசேயோ பக்கத்து பிராஞ்சாகோர்தா. குடிக்காதவர்களுக்கு மூலிகை, பழச்சாறு, புளிக்கவைத்த தேநீர் என்று மது இல்லாத வரிசையே இப்போது பல உணவகங்கள் வைத்திருக்கின்றன, முன்பே கேளுங்கள். சமையலில் சேரும் வைன் வேறு. ரிசோத்தோவில் நிச்சயம் ஊற்றுவார்கள், ஸபயோனே இனிப்பிலும் வழக்கமாக மதுவகை உண்டு. அதுவும் கூடாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

இந்தத் தரத்தில் மெனு ஆளுக்குப் பெரும்பாலும் 150 யூரோவிலிருந்து 300 யூரோ வரை, குடிப்பது தனி. தண்ணீருக்குக் காசு, சில இடங்களில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு இவ்வளவு என்று உட்காருவதற்கும் காசு. டிப்ஸ் கட்டாயமே இல்லை. மனசுக்குப் பிடித்திருந்தால் பத்து இருபது யூரோ வைக்கலாம், யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். முன்பதிவின்போது கார்டு எண் வாங்குவார்கள். சொல்லாமல் வராமலிருந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள், அந்த வரியைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். டை தேவையில்லை, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. பருத்திப் புடவை கட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

எந்த நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம். மதியம் போங்கள். கார்தோனே மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து இருக்கும் ஊர். மாலையில் சூரியன் முதுகுப்பக்க மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடும். ஏரிமேல் சூரிய அஸ்தமனம் பார்க்கவேண்டுமானால் எதிர்க்கரையில் பர்தோலீனோ, லாத்ஸீஸேக்குப் போகவேண்டும். மேற்குக் கரையின் அழகு முற்பகலிலும் மதியத்திலும்தான். மதியம் இடம் கிடைப்பதும் சுலபம், மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்ட வயிற்றோடு உடனே படுக்கவும் வேண்டாம், கரையோரமாக ஒரு நடை நடக்கலாம்.

திரும்பி வருவதும் மதியத்தில் பிரச்சினை இல்லை. கார்தோனேயில் ரயில் நிலையம் கிடையாது. மிலான், வெனிஸ் தடத்தில் இருக்கும் தெசென்ஸானோதான் பக்கம், அங்கிருந்து பஸ் அல்லது படகு. படகுகள் மாலையோடு ஏறக்குறைய முடிந்துவிடும், இரவு பஸ்ஸும் சொற்பம். இரவுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் நடந்து திரும்பும் தூரத்தில் அறை எடுங்கள். வாடகைக் கார் ஓட்டுபவர் குடிக்கக்கூடாது. இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். கரைச் சாலையோ குறுகல், சுரங்கங்கள் வேறு. டாக்சிக்கு உணவகத்தாரிடமே சொல்லிவையுங்கள், அதுவும் இனிப்பு வரும்போதே. அந்த ஊர்களில் டாக்சி கூப்பிட்டதும் வந்து நிற்காது.